முகத்து முடியை எடுத்தபின் தோல் தொந்தரவு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

மேல் உதட்டிலோ மோவாயிலோ முடி வளர்வதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதை எடுக்கப் போய் ஏதாவது தப்பாகிவிட்டால் கேட்கவும் ஆள் கிடைப்பதில்லை. த்ரெட்டிங் செய்த இடம் கறுத்தால் அடுத்த முறை வாக்ஸ், வாக்ஸில் தோல் உரிந்தால் க்ரீம், க்ரீம் எரிந்தால் லேசர் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் முகம் ஒரு புதுக் காயத்தை வாங்கிக்கொள்கிறது. பத்தொன்பது வயதிலிருந்து பல வருடங்கள் நானும் அப்படித் தாவியவள்தான். என் தாடையில் இன்றைக்கும் மூன்று சிறு குழிகள் இருக்கின்றன. அவை முடியால் வந்தவை இல்லை, ஊசியும் கையுமாக நான் தோண்டியதால் வந்தவை. அந்தக் குழிகள் வேறு யார் முகத்திலும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முறையை மாற்றும் முன் அறிகுறியைப் படியுங்கள். கீழே உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கு மட்டும் முதலில் பதில் தேடிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்கியது? முடி எடுத்த சில நிமிடங்களிலா, ஓரிரு நாளிலா, வாரங்கள் கழித்தா? நேரத்தை வைத்தே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

எந்த வடிவில் இருக்கிறது? ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். முடி இருந்த புள்ளி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருந்தால் மயிர்க்காலில் கோளாறு. ஓரம் வெட்டினாற்போல ஒரே பட்டையாக இருந்தால் தோலின் மேற்பரப்பு வெந்திருக்கிறது, அல்லது பூசிய பொருள் ஒத்துக்கொள்ளவில்லை.

கடந்த ஆறு மாதத்தில் முகத்துக்கு என்னென்ன பூசினீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? பருக்களுக்கான க்ரீம், நிறம் கூட்டும் க்ரீம், தலைமுடிக்கான மருந்து எல்லாம் கணக்கில் சேரும். இந்தக் கேள்வியைப் பார்லரில் பெரும்பாலும் கேட்பதே இல்லை. மிகப் பெரிய விபத்துகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

இன்னொன்று. எந்த அறிகுறியாக இருந்தாலும் அது அடங்கும்வரை வேரோடு பிடுங்குவது, வழிப்பது, கரைப்பது மூன்றையும் நிறுத்துங்கள். வெளியே போகச் சங்கடமாக இருந்தால் சின்ன டிரிம்மராலோ முனை மழுங்கிய கத்தரியாலோ தோலைத் தொடாமல் முடியின் நீளத்தை மட்டும் குறையுங்கள். அதற்குத் தோல் கோபித்துக்கொள்ளாது.

முடி எடுத்த சில நிமிடங்களில் சிவந்து, புள்ளிபுள்ளியாகத் தடிக்கிறது

கொசு கடித்தாற்போல ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சின்ன மேடு. வேரோடு இழுத்ததற்குத் தோல் காட்டும் இயல்பான எதிர்வினை இது. பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் அடங்கிவிடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் ஒத்தி எடுங்கள். பிறகு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். அன்று முழுவதும் வெந்நீர்க் குளியல், வியர்க்கும் உடற்பயிற்சி, மேக்கப், வெயில் நான்கும் வேண்டாம்.

அன்று ஒன்றுமில்லாமல் இருந்து, மறுநாளோ மூன்றாம் நாளோ அரிப்போடு தடித்துக்கொண்டு வந்தால் கதை வேறு. அது ஒவ்வாமை. வாக்ஸில் சேர்க்கும் மரப்பிசின், வாசனைப் பொருள், வேலை முடிந்ததும் தடவிவிடும் ஜெல் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பலரும் வாக்ஸை மட்டும் சந்தேகிக்கிறார்கள், கடைசியில் தடவிய ஜெல்லை மறந்துவிடுகிறார்கள். 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு க்ரீமை மெலிதாக மூன்று நான்கு நாள் தடவினால் தணியும். அதற்கு மேல் அதை முகத்தில் தொடர வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

உதடோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஓரிரு நாளில் வெள்ளை முனையோடு சின்னக் கொப்புளங்கள்

பிடுங்கிய மயிர்க்கால் கொஞ்ச நேரம் திறந்த வாசல் மாதிரி. தோலின் மேல் வழக்கமாக வாழும் கிருமிகள் உள்ளே புகுந்து சீழ் பிடிக்க வைக்கின்றன. வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை இரவில் மெலிதாகத் தடவலாம். தலையணை உறையும் துண்டும் அதில் வெளுத்துப்போகும், பழையதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவர் வேறு மருந்து தருவார்.

எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். த்ரெட்டிங் செய்பவர் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாரா? ஒரே குச்சியை வாக்ஸ் டப்பாவுக்கும் முகத்துக்குமாக மாற்றி மாற்றிப் போடுகிறாரா? இரண்டையும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். நூலைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் கட்டிக்கொண்டு த்ரெட்டிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். சீழ் மட்டுமல்ல, தட்டை மருக்களும் இப்படிச் சுத்தமில்லாமல் செய்வதால் பரவும். மேல் உதட்டிலோ நெற்றியிலோ தோல் நிறத்தில், மேல்பக்கம் தட்டையாக, கோடு போட்டாற்போல வரிசையாகப் புள்ளிகள் வந்தால் அது பரு இல்லை, மரு. அதன் மேல் மறுபடி நூலோ ரேசரோ ஓடினால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

உதட்டோரத்தில் எரிச்சலோடு கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். முன்பு எப்போதோ வந்து உள்ளே உறங்கிக்கொண்டிருந்த வைரஸை வாக்ஸோ லேசரோ தட்டி எழுப்பிவிடும். அடிக்கடி உதட்டில் இப்படிக் கொப்புளம் வருபவர்கள் லேசருக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியும்.

மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவே வலியோடு கட்டி வந்தால் தயவுசெய்து பிதுக்காதீர்கள். அந்தப் பகுதியின் ரத்த நாளங்களுக்கு மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்பு உண்டு. காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், கடும் தலைவலி சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

தாடையில் மேடு, உள்ளே கறுப்பாக ஒரு முடி தெரிகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முகத்தில் நிரந்தரத் தழும்பு விழுவது அதிகமும் இந்த இடத்தில்தான்.

முடி நேராக வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே வளர்வதால் வருவது இது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அதிகம். இரண்டு விதமாக நடக்கும். பிடுங்கும்போது முடி வேரோடு வராமல் தோலுக்கடியில் அறுந்துவிட்டால், மீதித் துண்டு வளரும்போது வாசலைத் தவறவிட்டு மயிர்க்காலின் சுவரைத் துளைக்கிறது. வழிக்கும்போது முனை சாய்வாகக் கூராகிவிட்டால், வெளியே வந்த முடி வளைந்து மறுபடி தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. உடலுக்குத் தன் முடியும் ஒரு முள்தான். முள் குத்தினால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது: சிவப்பு, வீக்கம், சில சமயம் சீழ், பிறகு கருமை.

உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் மேட்டின் மேல் மெல்லிய தோலுக்கடியில் கமா குறி மாதிரி சுருண்ட கறுப்புக் கோடு தெரியும். அதைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. நான் தோண்டினேன். முடி வந்தது, நிம்மதியும் வந்தது. மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கி, மூன்றாம் வாரம் பழுப்பாகி, மூன்றாம் மாதம் அதே துளையில் அதே முடி மறுபடி உள்ளே சுருண்டது. பிடுங்கியதால் வாசல் இன்னும் கோணலாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

செய்ய வேண்டியது இதுதான். பிடுங்குவதையும் ஒட்ட வழிப்பதையும் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். மேடுகள் அதிகமாக இருந்தால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் வையுங்கள். தினமும் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, மென்மையான ஈரத்துணியால் வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லோ கிளைகாலிக் அமிலம் உள்ள லோஷனோ, இரண்டில் ஒன்று மட்டும். இவை வாசலை அடைக்கும் செத்த தோலை இளக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். முடி வளையம் தோலுக்கு வெளியே தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி முனையை வளையத்துக்குள் விட்டு மெல்ல உயர்த்தி முனையை வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்தபின் அப்படியே விடுங்கள். அதைப் பிடுங்கக் கூடாது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம்.

ஷேவ் செய்யும் ஆண்களுக்கும் இதே மேடுதான், கழுத்தில் அதிகம். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைத் தூக்க, அடுத்தது வெட்ட, வெட்டுப்பட்ட முனை தோலுக்குக் கீழே போய்விடுகிறது. ஒற்றை பிளேடு, வெதுவெதுப்பான நீரில் ஊறிய முடி, முடி படியும் திசையிலேயே இழுப்பது, தோலை இழுத்துப் பிடிக்காமல் இருப்பது. இந்த நான்கையும் செய்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பது என் அனுபவக் கணிப்பு. மீதிப் பேருக்கு ஷேவிங்கையே விட்டு டிரிம்மருக்கு மாறுவதோ லேசரோதான் வழி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உள்வளர்ந்தால் பெண்களுக்கும் பதில் லேசர்தான். முடி மெலிந்துவிட்டால் அதற்குத் தோலைக் குத்தும் பலம் இருக்காது.

மேல் உதடும் மோவாயும் கறுத்துவிட்டன

நான்கு வெவ்வேறு விஷயங்களை நாம் 'கறுத்துவிட்டது' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். பிரித்துப் பார்க்காமல் க்ரீம் வாங்கினால் காசும் போகும், தோலும் போகும்.

இரண்டு விரலால் தோலை மெல்ல விரித்துப் பாருங்கள். கருமை தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்து, கொஞ்சம் பச்சைச் சாயலோடு தெரிந்தால் அது தோலுக்கடியில் இருக்கும் கறுத்த முடியின் நிழல். இதற்கு எந்த க்ரீமும் உதவாது, முடி மெலிந்தால்தான் நிழல் போகும். ஷேவ் செய்பவர்கள் இதைப் பார்த்துத்தான் 'ஷேவ் பண்ணிப் பண்ணிக் கறுத்துடுச்சு' என்கிறார்கள்.

விரித்தாலும் பழுப்புத் திட்டு அப்படியே இருந்து, முன்பு மேடோ எரிச்சலோ இருந்த அதே இடத்தில் இருந்தால் அது காயத்தின் சுவடு. அழற்சி வந்த இடத்தில் நிறமிச் செல்கள் அதிகமாக மெலனினைக் கொட்டிவிடுகின்றன. மாநிறமும் கறுப்பும் ஆன தோலுக்கு இது எளிதில் வரும், போக மாதங்கள் ஆகும். பழுப்பாக இருந்தால் மேல்தோலில் இருக்கிறது, சீக்கிரம் மறையும். சாம்பலும் நீலமும் கலந்தாற்போல இருந்தால் ஆழத்தில் இருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம்.

மேல் உதட்டில் மீசை வடிவில், இரு பக்கமும் ஒரே மாதிரி, கன்னத்திலோ நெற்றியிலோ சேர்ந்து இருந்தால் மங்கு என்று சொல்லும் மெலாஸ்மாவாக இருக்கலாம். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை இவற்றோடு தொடர்புள்ளது. வாக்ஸ் அதைக் கிளறிவிடலாம், ஆனால் மூலக் காரணம் வேறு.

கழுத்து மடிப்பிலும் அக்குளிலும்கூடக் கருமை, தொட்டால் வெல்வெட் துணி போல மெத்தென்று இருக்கிறதா? பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. முகத்து முடி அதிகமாவதற்கும் அதே கோளாறு ஒரு காரணம். தேய்த்துக் கழுவுவதை விட்டு ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

காயச் சுவடுக்கு என்ன செய்வது? முதலில் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், நிறம் கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கருமையைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. இரவில் அசிலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதம், அல்லது நியாசினமைடு. குறைந்தது மூன்று மாதம் பொறுமையாக. இந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை த்ரெட்டிங் செய்து புதுக் காயம் பட்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இப்போது ஸ்டீராய்டு விஷயம். பத்தே நாளில் முகம் வெளுக்கிறது என்று கைமாறி வரும் க்ரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. டியூபின் பின்புறம் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அதுதான். மருத்துவர் குறிப்பிட்ட வாரக் கணக்கில் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. மாதக்கணக்கில் நாமே பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தியதும் எரிந்து, கடைசியில் முகத்தில் *முடியும் அதிகமாக வளரும்*. கறுப்பைப் போக்கப் பூசிய க்ரீம் முடியை வளர்க்கிறது, அந்த முடியை எடுக்கப் போட்ட வாக்ஸ் மெலிந்த தோலை உரிக்கிறது, உரிந்த இடம் கறுக்கிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். பல மாதமாகப் பூசி வருபவர்கள் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டு வாருங்கள்.

வாக்ஸ் பட்டையோடு தோலும் வந்துவிட்டது

பளபளவென்று ஈரமாக, தொட்டால் காந்தும் சிவப்புத் திட்டு. மூன்றாவது கேள்வியை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ட்ரெட்டினோயின், அடாபலீன், ரெட்டினால், அமில சீரம் இவற்றில் ஏதாவது பூசிக்கொண்டிருந்தீர்களா? இவை மேல்தோலின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. வாக்ஸ் முடியோடு சேர்த்து அந்தத் தோலையும் கொண்டுபோய்விடும். பூசும் மருந்தாக இருந்தால் வாக்ஸுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை நிறுத்தியபின் ஆறு மாதம் வரைக்கும் வாக்ஸ் பக்கமே போகக் கூடாது.

உரிந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகப் பூசி ஈரம் காயாமல் வைத்துக்கொள்ளுங்கள். பொருக்கை உரிக்காதீர்கள். ஐந்து முதல் ஏழு நாளில் மூடிவிடும். மூடும்வரை மேலே சொன்ன எந்த மருந்தும் வேண்டாம், மூடியபின் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

சூடான வாக்ஸ் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். ஒட்டியிருக்கும் வாக்ஸை ஆறவிட்டு, பிறகு எண்ணெய் தொட்டு இளக்குங்கள், பிய்க்காதீர்கள். கொப்புளம் எழும்பினால் மருத்துவரிடம்.

முடி நீக்கும் க்ரீம் போட்ட இடம் காந்துகிறது

இந்த க்ரீம்களில் இருப்பது தயோகிளைகோலேட் உப்புகள். முடியின் கெரட்டின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுப்பது அவற்றின் வேலை. அந்த வேலை நடக்க க்ரீமின் பி.எச். 12ஐ ஒட்டிய கடும் காரமாக இருக்க வேண்டும். நம் மேல்தோலிலும் கெரட்டின் வகைப் புரதம்தான் இருக்கிறது. முடி முதலில் கரைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 'இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் நன்றாகப் போகும்' என்று விடும்போது அடுத்து கரைவது முகம்.

எரிந்தால் உடனே ஈரத் துணியால் வழித்தெடுத்து, ஓடும் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். காரத்தைச் சமன்படுத்துகிறேன் என்று எந்த அமிலத்தையும் மேலே ஊற்றாதீர்கள். இனிமேல் போடுவதானால் முகத்துக்கென்றே உள்ளதை வாங்கி, காதுக்குக் கீழே தாடையோரம் ஒரு பொட்டளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். அலாரம் வைக்காமல் தடவாதீர்கள். ப்ளீச் முடியைக் கரைக்காது, நிறத்தை மட்டும் வெளுக்கும். ஆனால் அதுவும் தோலை எரிக்கலாம், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சேர்ந்தது. கறுத்த தோலில் ப்ளீச் செய்த பொன்னிற முடி இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

ஷேவ் செய்ததும் முடி கெட்டியாக வளர்கிறது

வளரவில்லை. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928லேயே இதை அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் பருமனோ வேகமோ கூடவில்லை என்று எழுதினார். பூனை முடியின் முனை இயல்பில் ஊசி போல மெலிந்திருக்கும். வெட்டியதும் நடுத்தண்டின் மழுங்கிய முனை வெளியே வருகிறது. தடவினால் சொரசொரப்பு. வேர் தோலுக்கடியில் இருக்கிறது, பிளேடு அங்கே போவதே இல்லை.

அதனால் அடிக்கடி மேடு வரும் தோலுக்கும், ட்ரெட்டினோயின், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு பூசுபவர்களுக்கும், கன்னத்துப் பூனை முடிக்கும் முகத்துக்கான சின்ன ரேசர்தான் எல்லாவற்றிலும் சாது என்பேன். 'முகத்துல பிளேடா!' என்று பதறுகிற அம்மாக்களும் பெரியம்மாக்களும் பயந்த பயத்தில் எத்தனை பேர் தோலை வாக்ஸில் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்!

லேசர் செய்தும் முடி குறையவில்லை, அல்லது கூடிவிட்டது

லேசர் முடியின் கறுப்பு நிறத்தைப் பிடித்துக்கொண்டு வேரைச் சூடாக்குகிறது. 1983ல் ஆண்டர்சனும் பேரிஷும் வகுத்த கொள்கை அது. நரைத்த முடிக்கும் செம்பட்டை முடிக்கும் அது வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். இரண்டு அமர்வுக்கு நடுவே நூலிலோ இடுக்கியிலோ பிடுங்கினீர்களா? அப்படியானால் லேசர் பிடிக்க உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. நடுவில் ஷேவிங் மட்டும்தான். முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு முதல் எட்டு அமர்வு, அதன்பின் அவ்வப்போது பராமரிப்பு என்பது நியாயமான கணக்கு. ஹார்மோன் கோளாறு இருந்தால் இன்னும் கூடும்.

கூடிவிட்டது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பூனை முடி லேசர் சூட்டால் தூண்டப்பட்டுத் தடித்த முடியாக மாறுவது மருத்துவத்தில் பதிவான பக்க விளைவு. கறுத்த தோல், தாடையோரம், கழுத்து, ஹார்மோன் கோளாறு சேர்ந்த இடத்தில் அதிகம். ஆகவே கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் வேண்டாம், தடித்துக் கறுத்த முடிக்கு மட்டும். ஏற்கெனவே கூடியிருந்தால் அமர்வை நிறுத்தி, அமைப்பையும் அலைநீளத்தையும் மாற்றலாமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டம் கட்டமாகவோ வட்ட வட்டமாகவோ கருமையோ வெண்மையோ விழுந்தால் அது சூடு. கறுத்த தோலில் மேல்தோலின் மெலனினும் ஒளியைக் குடித்துவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர் ஆழமாகப் போய் மேல்தோலை அதிகம் தொடாது, நம் போன்ற தோலுக்கு அதுவே பாதுகாப்பு. 'எந்த லேசர், எந்த அலைநீளம், முதலில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பீர்களா' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒளிக் கருவிகளின் பெட்டியில் தோல் நிற அட்டவணை இருக்கும். உங்கள் நிறம் அதன் கறுத்த ஓரத்தில் இருந்தால் வாங்காதீர்கள்.

நரை முடிக்கும், மோவாயில் அங்கங்கே நிற்கும் பத்துப் பன்னிரண்டு முடிக்கும் எலக்ட்ராலிசிஸ். சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க 1875ல் பயன்படுத்திக் காட்டிய முறை இது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய கம்பியை விட்டு மின்சாரத்தால் அழிப்பது. நேரம் பிடிக்கும், வலிக்கும். நிரந்தர நீக்கம் என்று சொல்லத் தகுந்தது இதுதான், லேசரைப் பொறுத்தவரை நிரந்தரக் குறைப்பு என்றே சொல்ல வேண்டும்.

எதைச் செய்தாலும் சீக்கிரமே திரும்பி வருகிறது

மூன்றே நாளில் வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் அது புது முடி இல்லை. முடி நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. வேரோடு வந்திருந்தால் வெளியே தலைகாட்ட வாரங்கள் ஆகும். த்ரெட்டிங்கில் அறுந்த முடி, அல்லது அன்று தோலுக்கடியில் இருந்த வேறு முடி அது. கை தேர்ந்தவரிடம் மாறிப் பாருங்கள்.

ஆனால் மாதத்துக்கு மாதம் முடி தடித்து, மோவாய், கழுத்து, மார்பு, தொப்புளுக்குக் கீழே என்று பரவினால், மாதவிடாய் தள்ளிப்போனால், தாடையோரம் ஆறாத பரு இருந்தால் வேரை வெளியே தேடாதீர்கள். சினைப்பையைச் சார்ந்த ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ்.தான் மிகப் பொதுவான காரணம். 1961ல் ஃபெரிமனும் கால்வேயும் வகுத்த மதிப்பெண் முறையில் மருத்துவர் முடியின் பரவலை அளந்து, டெஸ்டோஸ்டிரான், தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் முதலிய பரிசோதனைகளை எழுதுவார். மாத்திரை தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் ஆகும். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி மாத்திரையால் மட்டும் உதிராது, மாத்திரையும் முடி நீக்கமும் கைகோத்து நடக்க வேண்டும். ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது என்பதை மறக்காமல் பேசிவிடுங்கள்.

சில மாதத்திலேயே மளமளவென்று முடி வளர்ந்து, குரல் கனத்து, உச்சந்தலை முடி கொட்டினால் தள்ளிப்போடாமல் போங்கள். சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தலைமுடி வளர மினாக்சிடில் தடவுபவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பூனை முடி வளரலாம். மருந்து காய்ந்தபின் படுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது பலருக்கு உதவியிருக்கிறது. வலிப்புக்கான ஃபெனிட்டோயின், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகளும் முடியைக் கூட்டும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

எல்லாம் அடங்கிவிட்டது, இனி எதைத் தொடங்குவது?

மெல்லிய பூனை முடிக்கு ரேசர், அல்லது அப்படியே விட்டுவிடுவது. புருவத்துக்கு நூல். உள்வளரும் பழக்கமில்லாத மேல் உதட்டுக்கு நூலோ வாக்ஸோ, மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மோவாயில் தடித்த முடிக்கு லேசரோ எலக்ட்ராலிசிஸோ, கூடவே ஹார்மோன் பரிசோதனை. லேசர் வரைக்கும் போக முடியாதவர்கள் எஃப்ளார்னிதின் 13.9 சதவீத க்ரீம் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். முடியை அது எடுக்காது, வளரும் வேகத்தைக் குறைக்கும். பலன் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முகம் முழுக்க இறங்கிவிடாதீர்கள். காதுக்கு முன்னால், தலைமுடி மறைக்கும் இடத்தில், பொட்டளவுக்கு மட்டும் செய்து, காலை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சிவப்பு ஒரே நாளில் தெரிந்துவிடும், கருமை வெளியே வர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம் முடிந்து, அதே ஜன்னல், அதே நேரம், இரண்டாவது போட்டோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் இல்லை என்றால் மேல் உதட்டுக்கு வாருங்கள்.